சொந்த முடிச் சீட்டு

அக்காவுக்கு அந்தத் தெருவில் 'சட்டம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. அவளும் தங்கையுமாக விக் கட்டிக் கொடுக்கிற அந்த மாடிக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது. செருப்பை எங்கே விட வேண்டும், கத்தரியை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும், சீப்பில் சிக்கிய முடியை எந்த டப்பாவில் போட வேண்டும், எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். "மூச்சு விடறதுக்கு மட்டும்தான் இன்னும் எழுதிப் போடல. அதுவும் வந்துடும்" என்பாள் தங்கை.

விதிகளிலேயே பெரியது சொந்த முடிக்கானது. வழக்கமாக வருகிறவர்களுக்குக் கடையில் இருக்கும் முடியிலேயே விக் கட்டிவிடலாம். கெட்டால் வேறு முடி எடுத்துக்கொள்ளலாம், பிழை கடையோடு போய்விடும். தன் முடியைக் கொண்டுவந்து 'இதில்தான் வேண்டும்' என்று கேட்கிறவர்கள் விஷயம் வேறு. அது கெட்டால் கெட்டதுதான். உலகத்தில் எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடைக்காது. பல வருஷத்துக்கு முன்பு ஒரு நாடக நடிகை தன் இளவயதுக் கூந்தலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். எந்தக் காலத்தில் என்ன சாயம் அதில் ஏற்றினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. மருந்துத் தண்ணீரில் போட்ட பத்தாவது நிமிஷம் கூந்தல் கூழாகிவிட்டது. அந்த அம்மாள் மூன்று நாள் கடைப்படியில் உட்கார்ந்து அழுதாள். மேடையில் பழகிய தொண்டை, நாலு கடை தள்ளிக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அக்கா சீட்டு அச்சடித்தாள். வெள்ளைத் தாள் கடைக்கு, அடியில் கார்பன் வைத்து எடுத்த மஞ்சள் தாள் வந்தவருக்கு. கொண்டுவரும் முடியில் சாயமோ, தீய்ந்த நுனியோ, திசை மாறிய முடியோ இல்லை என்று கொண்டுவந்தவர் உறுதி கூறுகிறார், அப்படி ஏதாவது இருந்து முடி கெட்டுப்போனால் அதற்கு அவர் ஒருவரே பொறுப்பு, கடை பொறுப்பல்ல. கீழே கையெழுத்து. இதை ஒரு வக்கீலிடம் காட்டியபோது அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "பிரமாதம்மா. இந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும் உங்க மேல யாராலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார். அக்காவுக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

திசை மாறிய முடி என்றால் வெளியாட்களுக்குப் புரியாது. ஒவ்வொரு முடிக்கும் வேர்ப்பக்கம் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். எல்லா முடியும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. கொஞ்சம் முடி தலைகீழாகக் கலந்து, அது தண்ணீரையும் பார்த்துவிட்டால் போச்சு, செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால் சீட்டு ஒரு பக்கம் இருந்தாலும் அக்கா தன் விரலைத்தான் நம்புவாள். ஒவ்வொரு கட்டிலும் அங்கங்கே பத்துப் பன்னிரண்டு முடியை உருவி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மேலும் கீழுமாகத் தேய்ப்பாள். முடி ஊர்ந்து போகும். எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வேர் இருந்தது என்று பொருள். ஒரே கட்டில் ஒரு முடி மேலே போய் இன்னொன்று கீழே போனால், அந்தக் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். தேறிய கட்டு நீலத் தட்டுக்குப் போகும். நீலத் தட்டில் இருப்பதைத் தங்கை கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வேலை செய்யலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் வந்தவர் செய்ய வேண்டியது எல்லாம் இருந்தது. அக்கா செய்ய வேண்டிய இந்த விரல் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பேருந்து ஓட்டுநர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. பேருந்து தெருமுனையில் கடைசி நிறுத்தத்தில் நின்றது, அடுத்த நடைக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. சட்டைப் பையில் ஓட்டுநர் அட்டை, கையில் சுருட்டிய தலையணை உறை. உறைக்குள்ளிருந்து எட்டுக் கட்டு முடியை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். கறுப்பு முடி, நுனியில் மட்டும் வெயில் பட்ட செம்பட்டை. ஒவ்வொரு கட்டிலும் ஒரு ரப்பர் பேண்ட்.

"பொண்ணுக்குங்க மேடம். பதிமூணு வயசு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். மருந்து ஏத்த ஆரம்பிச்சா முடி பூராக் கொட்டிடும்னாங்க. அதான் முன்னாடியே வெட்டிட்டோம்."

"யார் வெட்டினா?"

"நான்தான். அவங்கம்மா போய் ஏழு வருஷம் ஆச்சு. அன்னியிலேர்ந்து நான்தான் பின்னி விடறேன். விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் வெட்டட்டும்ப்பான்னுதான் அவ சொன்னா. வேற ஆள் கை வைக்கக் கூடாதுன்னு நான்தான் அடம் பிடிச்சேன்." அவர் கொஞ்சம் சிரித்தார். "ஒரு முடிகூட வீணாக்கல மேடம். பாத்ரூம் தரையில உதிர்ந்ததைக்கூட ஒண்ணொண்ணாப் பொறுக்கி, சீவி, கட்டிட்டேன்."

அக்கா இதைக் கேட்டாள். கேட்கவில்லை என்று அவளால் பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. தரையில் பொறுக்கிய முடிக்கு வேரேது, நுனியேது? முதல் ஐந்து கட்டும் பின்னலோடு வெட்டியவை என்று பார்த்தாலே தெரிந்தது. மற்ற மூன்றும் சீவிச் சீராக்கப்பட்டு, அவற்றைவிட அழகாக இருந்தன.

சீட்டை நீட்டினாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கேட்காத கதையைச் சொன்னார். முடி போகாது என்றுதான் முதலில் மகளிடம் சொல்லி வைத்திருந்தார்களாம்.

"எதிர்வீட்டு நர்ஸம்மாவ விட்டே சொல்ல வெச்சேன் மேடம். அவங்க சொன்னா நம்புவாளேன்னு. எப்படியோ கண்டுபிடிச்சுட்டா. முடி போகும்னா மருந்தே வேணாம்னு ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. ரெண்டு நாள் சோறு தண்ணி இல்ல. அப்புறம் 'உன் முடி எங்கயும் போகாது, உன் தலைக்கே திரும்பி வரும், வேற யாரோட முடியும் உன் தலையில ஏறாது'ன்னு சத்தியம் பண்ணித்தான் கூட்டிட்டுப் போனேன். 'இதுவும் பொய்யா இருந்துச்சு, இனிமே செத்தாலும் நீ சொல்ற எதையும் நம்ப மாட்டேன்'னு சொல்லியிருக்கா."

"எவ்வளவு நாள்ல வேணும்?"

"முதல் மருந்து முடிஞ்சு பத்து நாள் வீட்டுக்கு விடுவாங்க. அன்னிக்கு இதை வெச்சுக்கிட்டுத்தான் வார்டை விட்டு இறங்குவாளாம். மூணு வாரம் இருக்கு."

அக்கா முதல் கட்டைப் பிரித்து முடியைத் தேய்க்கத் தொடங்கினாள். அவர் அவள் விரலையே பார்த்தார். நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியரைப் பார்ப்பதுபோல அந்தப் பார்வை இருந்தது. இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் ஒழுங்காக ஒரே பக்கம் ஊர்ந்தன. ஐந்தாவது கட்டில் இருந்தபோது அவர் குரல் வேறுமாதிரி வந்தது.

"இப்படித்தான் மேடம் தூங்குவா. சின்ன வயசுலேர்ந்து. ஒரு முடியைப் பிடிச்சு விரல்ல இப்படி உருட்டிக்கிட்டே..."

அதற்கு மேல் சொல்ல முடியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு, சத்தமே இல்லாத அழுகை. உள்ளே மரத் தலையில் வலையை மாட்டி முடி கோத்துக்கொண்டிருந்த தங்கை ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கீழே நடத்துநர் விசிலை ஊதினார். அந்த மனிதர் முன்னால் இன்னொரு முடியை எடுத்து உருட்ட அக்காவுக்குக் கை வரவில்லை. அவர் போன பிறகு மீதி மூன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டையும் சேர்த்து நீலத் தட்டில் வைத்தாள். "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் மஞ்சள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படியில் இரண்டிரண்டாக இறங்கிப் போனார்.

இருபது வருஷத்தில் அக்கா தன் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். மீறினாள் என்றுகூடச் சொல்லக் கூடாது, ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாள். ஆனால் அவர் படி இறங்கும்போதே ஒரு மாப்பிள்ளைப் பையன் படியேறினான். வழுக்கை தெரியாமல் பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டிய விக், முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஒரே புலம்பல். அவன் தலையோடு மல்லுக்கட்டி முடிக்கையில் சாயங்காலம் ஆகிவிட்டது. நீலத் தட்டு அக்காவின் மனதை விட்டே போய்விட்டது.

மறுநாள் காலை அக்கா வலை வாங்கச் சந்தைப் பக்கம் போயிருந்தாள். தங்கை நீலத் தட்டை எடுத்தாள். எட்டுக் கட்டையும் அவிழ்த்து, ஆணி அடித்த பலகையில் இழுத்துச் சீவி, ஒன்றாகக் கலந்து, நீளவாரியாகப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ போட்டு ஊற வைத்தாள். அவள்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நீலத் தட்டு விதியை எழுதி ஒட்டியவளே அக்காதான்.

அக்கா படியேறி வந்தபோது தங்கை குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, இங்க வாயேன்" என்றாள். 

தங்கை ஊற வைத்த தொட்டிக்குள் கையை விட்டு ஓர் இழையைத் தூக்கினாள். முடி முழுக்கச் சேர்ந்து எழுந்து வந்தது. தரை துடைக்கிற துணியை முறுக்கியதுபோல ஒரே திரளாக, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"எட்டையுமா போட்டே?"

"நீலத் தட்டுல இருந்துச்சேக்கா."

அக்கா வலைச்சுருளைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றும் மறுநாளும் இருவரும் அந்தத் திரளோடு போராடினார்கள். எண்ணெய் விட்டார்கள். வழுவழுப்பாக்கும் மருந்தெல்லாம் ஊற்றினார்கள். நுனியிலிருந்து ஒவ்வோர் இழையாக ஊசிமுனையால் நெம்பினார்கள். ஒன்றைப் பிரித்தால் பக்கத்தில் இரண்டு இறுகியது. இரண்டு நாள் முடிவில் உருப்படியாக மிஞ்சியது சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் இழைக்கற்றை. அதை அக்கா சிவப்பு நூலால் வேர்ப்பக்கம் கட்டி வைத்தாள். மீதி ஒரு குருவிக்கூடு அளவுக்குச் சுருண்டு காய்ந்து கிடந்தது.

"அக்கா, நம்மகிட்டயே இதே மாதிரி முடி இருக்கு" என்றாள் தங்கை. "நுனியில கொஞ்சம் செம்பட்டை ஏத்தினா அந்தப் பொண்ணுக்கே அடையாளம் தெரியாது. மூணு வாரத்துல கட்டிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

அக்கா அலமாரியைத் திறந்து அந்த முடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ரொம்பவே பொருந்தியது. அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே வைத்துப் பூட்டினாள். வேறு யாருடைய முடியும் தலையில் ஏறாது என்று அந்தப் பெண்ணுக்கு அப்பா சத்தியம் செய்திருக்கிறார். அதற்கு மேல் பொய் சொல்ல அக்காவுக்கு வரவில்லை. பொய் சொல்ல வராதவள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"சார், ஒரு கஷ்டமான விஷயம். முடி கெட்டுப்போச்சு. வேரும் நுனியும் கலந்திருந்துச்சு. தண்ணியில போட்டதும் இறுகிடுச்சு. எடுக்க முடியல."

அந்தப் பக்கம் பேருந்தின் இரைச்சல். 

"எப்படிக் கலந்துச்சு மேடம்?"

"தரையில விழுந்ததைப் பொறுக்கினேன்னு சொன்னீங்களே... அதுல எது வேர், எது நுனின்னு தெரியாது. சீட்டுல போட்டிருக்கு, திசை மாறின முடி..."

"அப்போ நான் பொறுக்கினதாலதான்."

அக்கா வாயைத் திறந்தாள். 'இல்லை, நான் மூணு கட்டைப் பாக்காம விட்டேன்' என்று சொல்ல அது சரியான இடம். ஒரு மூச்சு விடுகிற நேரம் போதும். அவள் அந்த மூச்சை விட்டாள், வார்த்தையை விடவில்லை.

"பொறுக்காம விட்டிருந்தா மீதியாச்சும் வந்திருக்கும் இல்ல மேடம்?"

"வந்திருக்கும்" என்றாள் அக்கா.

அது உண்மைதான். தொலைபேசியை வைத்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் மறைத்தால் கதை பொய்யாகிவிடும். நிம்மதியாகத்தான் இருந்தது. படியில் யாரும் வந்து உட்கார்ந்து அழவில்லை, கத்தவில்லை, நாலு கடை தள்ளிக் கேட்கவில்லை. சீட்டு வேலை செய்துவிட்டது. தங்கை மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மரத்தலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

தொலைபேசியில் பேசிய ஆறாம் நாள் ஓட்டுநர் வந்தார். வேலை நேரமில்லை, வேறு சட்டை. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அந்த முடியை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். கெட்டுப்போனாலும் அவளோடதுதானே."

அக்கா குருவிக்கூட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். சிவப்பு நூல் கட்டிய கற்றையை எடுத்தவள், ஏனோ கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"மருந்து ஏறுது. மிச்ச முடியும் கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. வாந்தி. அதெல்லாம் பரவாயில்ல, எல்லாருக்கும் வர்றதுதானாம்." அவர் தாளைத் தடவினார். "எங்கிட்டப் பேசறதில்ல மேடம். அஞ்சு நாளாச்சு. நான் உள்ள போனா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கறா. சாப்பாட்டை நர்ஸ்கிட்டத்தான் குடுத்து விடறேன். நான் வெட்டினதாலதான், நான் பொறுக்கினதாலதான்னு நானே சொல்லிட்டேன். மறைக்கல. உங்க மஞ்சச் சீட்டையும் அவகிட்டயே குடுத்துட்டேன். படிச்சா. படிச்சிட்டு, 'விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் வெட்டட்டும்னு சொன்னேனில்ல'ன்னா. அவ்வளவுதான். அதோட சரி."

அவர் அழவில்லை. அன்றைக்கு அழுத மனிதர் இன்று அழாமல் நின்றது அக்காவுக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, உக்காருங்க. உங்க தப்பில்ல அது. என் தப்பு. எட்டுக் கட்டுல அஞ்சைத்தான் பாத்தேன். மூணு கட்டைப் பாக்காமயே உள்ள வெச்சுட்டேன். பாத்திருந்தா அன்னிக்கே அந்த மூணையும் உங்ககிட்டத் திருப்பிக் குடுத்திருப்பேன். மீதி அஞ்சுல அழகா ஒரு விக் வந்திருக்கும். போன்ல சொல்லியிருக்கணும். சொல்ல எனக்குத் தைரியம் வரல."

ஓட்டுநர் அவளைப் பார்த்துச் சிரித்தார். தோற்ற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற அப்பாவின் சிரிப்பு.

"நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஐயோ, இல்லண்ணே. சத்தியமா."

"நான் இங்கயேதானே நின்னேன்? ஒவ்வொண்ணா எடுத்து உருட்டிப் பாத்தீங்களே. நான் என் கண்ணால பாத்தேன்."

"அஞ்சுதான்! நீங்க அழுதீங்க, நான் நிறுத்திட்டேன்."

"எல்லாத்தையும்தான் பாத்தீங்க" என்றார் அவர் பிடிவாதமாக. அவர் கண்ணில் அன்றைக்குத் தண்ணீர், என்ன தெரிந்திருக்கும்? "அப்படியே இருந்தாலும் சீட்டுல என்ன எழுதியிருக்கு? திசை மாறின முடி இருந்தா கொண்டுவந்தவர் ஒருத்தரே பொறுப்பு. எனக்கு இப்ப மனப்பாடம் அது. கையெழுத்துப் போட்டது நான்."

அக்கா மேஜை அறையை இழுத்து வெள்ளைத் தாளை எடுத்தாள். அவர் முன்னாலேயே இரண்டாக, நான்காகக் கிழித்தாள். தங்கை வாயில் கைவைத்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் அக்கா ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழித்ததில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்" என்றார் அவர். "மஞ்சத்தாள் அவகிட்ட இருக்கே."

வக்கீல் சொன்னது பலித்துவிட்டது. அவள்மேல் யாராலும் ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை, அவளாலேயேகூட.

"நான் வந்து அவகிட்டப் பேசறேன்" என்றாள் அக்கா. "என்னை உள்ள விடுவாங்களா?"

அப்போதுதான் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. நம்பிக்கை என்று சொல்ல முடியாது. பேருந்தைத் தவறவிட்டவன், அடுத்த பேருந்து இல்லை என்று தெரிந்தும் தெருமுனையைப் பார்ப்பானே, அந்த மாதிரி. "நாலு மணிக்கு விடுவாங்க" என்றார்.

வார்டு மூன்றாவது மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், முகமூடி கொடுத்தார்கள், கையைக் கழுவச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தாள். ஓட்டுநர் நடைபாதையில் நின்றுவிட்டார். "நான் வந்தா திரும்பிக்குவா. நீங்க போங்க."

ஜன்னலோரக் கட்டில். பருத்தித் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையணையில் குட்டை முடி உதிர்ந்து கிடந்தது. போர்வை ஓரத்தில் பிரிந்த ஒரு நூலை விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். 

"நான்தான்மா விக் கட்டறவ."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும். சீட்டு உங்களோடதா?"

"ஆமா. அதைப் பத்தித்தான் பேச வந்தேன். உன் முடி கெட்டதுக்கு உங்க அப்பா காரணமில்ல. நான்தான்." அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். விரலில் தேய்ப்பது, செதில், எட்டுக் கட்டு, நீலத் தட்டு, எதையும் விடவில்லை. வேகமாகச் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிறவள்போலச் சொல்கிறோம் என்று அவளுக்கே பாதியில் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை.

பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தாள். பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"நீங்க பாக்கணும்னு இதுல எங்கயும் போடலையே?"

"போடல. போட்டிருக்கணும்."

"உங்க ரூல் எல்லாம் இதுலதானே இருக்கு?"

"இது மட்டும் இல்லம்மா. இது என் கைப்பழக்கம். எழுதினதில்ல."

பெண் தாளை மறுபடி மடித்தாள். மூலைக்கு மூலை சரியாக வைத்து, நகத்தால் நீவி.

"அப்பாதானே சொல்லச் சொன்னாரு?"

"ஐயோ, இல்லம்மா. நானாத்தான் வந்தேன்."

"எதிர்வீட்டு நர்ஸ் ஆன்ட்டியும் நானாத்தான் வந்தேன்னுதான் சொன்னாங்க." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "முடி கொட்டவே கொட்டாது, நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்னு சொன்னாங்க. அப்பா வெளியில நின்னுட்டிருந்தாரு. இப்பவும் வெளியிலதானே நிக்கறாரு?"

அக்கா கதவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கதவின் கண்ணாடியில் ஓட்டுநரின் தோள் பாதி தெரிந்தது.

அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். பையிலிருந்து சிவப்பு நூல் கட்டிய கற்றையை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். "இது மட்டும் காப்பாத்தினேன். உன்னோடது. வேணும்னா விரல்ல வெச்சு உருட்டிப் பாரு, நகரும்."

பெண் அதைத் தொடவில்லை. பார்த்தாள். செம்பட்டை நுனியை, பளபளப்பை, ஒழுங்கை.

"இது என் முடிதான்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு அலமாரியில் பூட்டி வைத்த, ரொம்பவே பொருந்திய அந்த இன்னொரு முடிதான் நினைவுக்கு வந்தது. பெண் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வை நூல் மறுபடி அவள் விரலுக்குப் போனது.

அக்கா கற்றையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். ஓட்டுநர் சுவரோரமாக நின்றார். கேள்வி கேட்கவே பயந்து, கடைசியில் கேட்டார்.

"பேசினாளா?"

"பேசினா."

"என்னம்மா சொன்னா?"

அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லி அவரையும் இழுத்துக்கொண்டு அந்த மூன்று மாடியும் இறங்க அவளுக்குத் திராணி இல்லை.

"உங்களைப் பத்தித்தான் கேட்டா."

"என்னையா?" என்றார் அவர். "என்னையா கேட்டா?"

அவசர அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கதவருகே இருந்த குழாயில் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார். "ரொம்ப நன்றிம்மா, ரொம்ப நன்றி" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போனார்.

அக்கா அங்கே நிற்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.